முகப்பில் யார் படம்?

புதுச்சேரியில் தொலைந்து போவது கஷ்டம். நேரு வீதியில் நின்றுகொண்டு கிழக்கே நடந்தால் கடல் வரும். வராவிட்டால் நீங்கள் மேற்கே நடக்கிறீர்கள். அவ்வளவுதான். தெருக்கள் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும்.

இதற்கு பிரெஞ்சுக்காரர்களைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். ஆரம்பித்து வைத்தது டச்சுக்காரர்கள். 1693-லிருந்து 1699 வரை ஊர் அவர்கள் கையில் இருந்தபோது போட்ட பிளான். 1761-ல் இங்கிலீஷ்காரன் வந்து ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினான். திரும்பக் கட்டியபோதும் பெரும்பாலும் அதே நேர்க்கோடுகள்தான். பிளான் ஒழுங்காக இருந்தால் பீரங்கியால்கூட ஒன்றும் பண்ண முடியாது.

புதிதாக பஸ் இறங்கி வருகிறவன் வழி கேட்காமல் போய்ச் சேர வேண்டும் என்பது ஒரு ஊருக்கே சாத்தியமானால், ஒரு வெப்சைட்டுக்கு ஏன் சாத்தியமில்லை? இந்த வாரக் கவலை அதுதான்.

சமீபத்தில் ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் வெப்சைட்டுக்குப் போனேன். (அலுவலகத்தின் பெயர் வேண்டாம். சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை.) முதலில் மூன்று பெரிய மனிதர்களின் படங்கள். மூவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் மரியாதைக்குச் சிரித்தேன். அடியில் ஒரு வரி இடதுபக்கமாக ஓடிக்கொண்டே இருந்தது. படித்து முடிப்பதற்குள் திரைக்கு வெளியே போய்விட்டது. அடுத்தபடியாக 'எங்கள் தொலைநோக்கு', 'எங்கள் பணி', 'எங்கள் வரலாறு', அப்புறம் குத்துவிளக்கு ஏற்றும் புகைப்படங்கள். யார் யார் ஏற்றினார்கள் என்பது இப்போது எனக்கு மனப்பாடம்.

எனக்கு வேண்டியிருந்தது மூன்றே மூன்று தகவல். என்னென்ன பேப்பர் கொண்டுபோக வேண்டும்? எவ்வளவு பணம்? எந்த ஜன்னல்? மூன்றும் இல்லை. கடைசியில் ஒரு போன் நம்பர் அகப்பட்டது. அடித்தேன்.

"நேர்ல வாங்க ஸார்" என்றார்கள்.

நேரில் போனேன். அலுவலக வாசலில் மனு எழுதித் தரும் பெரியவர் ஒருவர், மடக்கு மேஜை, நாலு பேனாவுடன் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"என்ன தம்பி, சர்ட்டிபிகேட்டா? ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு, போட்டோ மூணு. ரெண்டாம் நம்பர் ஜன்னல். இப்பப் போகாதீங்க, பதினொண்ணுக்கு மேல போங்க. அவரு டீ குடிச்சிட்டு வந்துடுவாரு."

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவரிடம் தொலைநோக்கும் கிடையாது, குத்துவிளக்கும் கிடையாது. ஆனால் வருகிறவனுக்கு என்ன வேண்டும் என்று தெரியும். தினம் நூறு பேர் அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அத்துப்படி. லட்சக்கணக்கில் செலவு செய்து வெப்சைட் கட்டுவதற்கு முன்னால், கட்டுகிறவர்கள் அந்தப் பெரியவர் பக்கத்தில் ஒரு நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தால் போதும். பாதி வேலை முடிந்திருக்கும்.

ஏன் உட்காருவதில்லை? காரணம் எளிது. வெப்சைட்டுக்குப் பணம் கொடுக்கிறவர் வேறு, அதைப் பயன்படுத்துகிறவர் வேறு. கட்டித் தருகிறவன் பாவம், செக்கில் கையெழுத்துப் போடுகிறவரைத்தானே திருப்திப்படுத்த வேண்டும்!

முத்தியால்பேட்டையில் ஒரு தம்பி வெப்சைட் டிசைன் செய்கிறார். ஜவுளிக்கடை முதலாளி ஒருவருடன் அவர் பேசும்போது நானும் கூட இருந்தேன்.

"தம்பி, முதல்ல எங்கப்பா படம் வரணும். மாலை போட்ட படம். பெருசா."

"சரிண்ணே."

"அப்புறம் கோயில் கதவு மாதிரி ரெண்டு பக்கமும் திறக்கணும். திறக்கும்போது நாதஸ்வரம்."

"சரிண்ணே. கடை எத்தனை மணிக்குத் திறக்கும், ஞாயித்துக்கிழமை உண்டான்னு மேலயே போட்டுடலாமா?"

"அது எதுக்கு? அதான் எல்லாருக்கும் தெரியுமே!"

முதலாளியைக் குறை சொல்வதற்கில்லை. அப்பா மேல் பாசம், தப்பா? ஆனால் கடலூரிலிருந்து முகூர்த்தப் புடவை எடுக்கக் குடும்பத்தோடு கிளம்புகிற அம்மாவுக்கு அந்த அப்பாவைத் தெரியாது. அவர் செல்போனைத் தட்டுவது, போனால் கடை திறந்திருக்குமா, வண்டி நிறுத்த இடம் இருக்குமா என்று பார்க்க. ஆபீஸில் இருப்பவர்கள் நாதஸ்வரத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். மேனேஜர் பின்னால் நிற்கும்போது உங்கள் கம்ப்யூட்டர் திடீரென்று கெட்டிமேளம் கொட்டினால்?

இங்கிலாந்தில் இதே வியாதி இருந்தது. இலாகாவுக்கு இலாகா தனித்தனி வெப்சைட். 2012-ல் அத்தனையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அந்தக் குழு தனக்கென்று சில விதிகள் எழுதிக்கொண்டது. முதல் விதியின் சாரம் இதுதான்: மக்களுக்கு என்ன தேவையோ அதிலிருந்து ஆரம்பி, சர்க்காருக்கு என்ன தேவையோ அதிலிருந்து அல்ல. உலகமே கை தட்டியது.

தட்டட்டும். எனக்கு ஒரு சின்ன ஆட்சேபம் உண்டு. லண்டன் 2012-ல் எழுதி வைத்ததை நம் வில்லியனூர் 1998-லேயே செய்து காட்டிவிட்டது.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற வழியில் இருக்கிற அதே வில்லியனூர்தான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் கனடா நாட்டு உதவியோடு இங்கே ஒரு திட்டம் ஆரம்பித்தது. வில்லியனூரில் தலைமை நிலையம். அங்கிருந்து சுற்றுப்பட்ட கிராமங்களில் தகவல் மையங்கள். எம்பலம், வீராம்பட்டினம், நல்லவாடு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அந்த வருஷத்தில் நம்மில் பல பேர் இன்டர்நெட் என்பதையே பிரௌசிங் சென்டர் போர்டில்தான் பார்த்திருந்தோம்.

அவர்கள் முதல் நாளே கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் இறக்கவில்லை. கிராமத்தில் போய் உட்கார்ந்து, "உங்களுக்கு இப்ப சேதி யார் மூலமா வருது? என்ன சேதி தெரிஞ்சா உங்களுக்கு உபயோகம்?" என்று விசாரித்தார்கள். சேதி வருவது பெரும்பாலும் கடைக்காரர், சந்தை, உரமும் விதையும் விற்பவர் மூலமாகத்தான் என்று தெரிந்தது. அதாவது விற்கிறவனே விலையும் சொல்கிறான். ஜனங்கள் கேட்ட விஷயங்களும் ரொம்ப சாதாரணம். பக்கத்து மார்க்கெட்டில் இன்றைக்கு நெல் என்ன விலை, ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் எப்போது இருப்பார், பஸ் ரயில் நேரம், சர்க்கார் சலுகையில் நமக்கு என்ன உண்டு. சிகாகோ கோதுமை விலையை யாரும் கேட்கவில்லை.

கேட்டதை வைத்துத்தான் கட்டினார்கள். கரண்ட் போகும் என்பதால் சோலார் தகடு. டெலிபோன் லைன் நம்ப முடியாது என்பதால் கிராமங்களுக்கு இடையே வயர்லெஸ். மையங்களை நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். சாதாரண இங்கிலீஷ் கீபோர்டிலேயே தமிழில் தட்டக் கற்றுக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் பக்கம் வராதவர்களுக்காக 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு பத்திரிகையும் அச்சடித்தார்கள். ஒரு நிபந்தனையும் இருந்தது. மையத்துக்கு ஊர்தான் இடம் தர வேண்டும், அந்த இடத்துக்குள் எந்த ஜாதிக்காரரும் வந்து போக முடிய வேண்டும். வாசலிலேயே ஒருத்தனை நிறுத்திவிட்டு உள்ளே எத்தனை அழகாகத் திரை வைத்து என்ன பிரயோஜனம்?

வீராம்பட்டினம் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆடி மாதத் தேருக்குப் பேர்போன மீனவ கிராமம். மீனவருக்குத் தெரிய வேண்டியது, நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்பது. அலை எத்தனை உயரம், காற்று எந்தப் பக்கம்? அந்தத் தகவல் எங்கே இருந்தது தெரியுமா? அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டில். வங்காள விரிகுடாவின் அலை உயரம் அதில் இங்கிலீஷில் படமாகப் போட்டிருந்தார்கள். போர்க்கப்பல்காரர்களுக்காகப் போட்டது.

வில்லியனூரில் அதை இறக்கித் தமிழாக்கி அனுப்பினார்கள். வீராம்பட்டினத்தில் அதைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டிவிட்டுச் சும்மா இருந்திருந்தால், 'மீனவர் நலனுக்கு இன்டர்நெட்' என்று படம் பிடித்துப் போட்டிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. விடியற்காலையில் வலையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் எந்தத் திரையைப் பார்ப்பான்? கரையில் லவுட்ஸ்பீக்கர் கட்டினார்கள். அலை இத்தனை உயரம், காற்று இந்தத் திசை என்று உரக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். காது இருந்தால் போதும்.

2001-ல் இந்தத் திட்டத்துக்கு ஸ்டாக்ஹோமில் பரிசு கொடுத்தார்கள். சந்தோஷம். ஆனால் உண்மையான பரீட்சை 2004 டிசம்பர் 26 காலையில் வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் சுனாமி விஷயம் தெரிந்ததும் ஊருக்குப் போன் போட்டார். விஷயம் லவுட்ஸ்பீக்கருக்குப் போனது. ஊரை விட்டு ஓடுங்கள் என்ற அறிவிப்பு கேட்டு ஜனங்கள் மேட்டுப்பக்கம் போனார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின. 3,000 பேருக்கு மேல் இருந்த அந்தக் கிராமத்தில் உயிர்ச்சேதம் இல்லை என்று அப்போது செய்திகள் வந்தன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அந்த லவுட்ஸ்பீக்கரைச் சுனாமிக்காக யாரும் கட்டவில்லை. தினசரித் தேவைக்குக் கட்டியது. தினமும் அது சொன்னது பலித்ததால், ஆபத்து நாளில் அது சொன்னபோது யாரும் 'நிஜம்தானா?' என்று நின்று யோசிக்கவில்லை. நம்பிக்கையைத் தினம் தினம் சில்லறையாகத்தான் சேர்க்க முடியும்.

"நமக்கு எதுக்கு ஸார் சுனாமி? நாங்க சாதாரண கம்பெனி வெப்சைட் பண்றோம்" என்று நீங்கள் கேட்கலாம். சரி, சாதாரணத்துக்கே வருவோம். ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம். கடைசிப் பெயர் கட்டாயம், சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கும். நமக்கு எங்கே இருக்கிறது கடைசிப் பெயர்? இருப்பது ஒரு பெயர், முன்னால் அப்பாவின் ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்தைப் போட்டால் 'குறைந்தது 3 எழுத்து வேண்டும்' என்கிறது. அப்பா பெயரை முழுசாகப் போட்டால், வேலை கிடைத்த பிறகு ஆபீஸில் எல்லோரும் உங்களை உங்கள் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அதிகாரபூர்வமாக வீட்டில் நீங்களே அப்பா.

புதுச்சேரிக்கு இது புதிதல்ல. 1881-ல் பிரெஞ்சு சர்க்கார் ஓர் ஆணை போட்டது. தங்கள் சம்பிரதாயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு வருகிறவர்கள் ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை அப்படி எடுத்துக்கொண்ட பெயர் 'லாப்போர்த்'. பிரெஞ்சில் 'கதவு' என்று அர்த்தம். அவராவது உரிமைகளுக்காக, யோசித்து, தானே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார். இன்றைக்கு ஒரு சினிமா டிக்கெட் வாங்குவதற்கே கதவுக்கு வெளியே நிறுத்தி உன் குடும்பப் பெயர் என்ன என்கிறார்கள். 'பெயர்' என்று நீளமாக ஒரே கட்டம் போட்டால் தீர்ந்தது. படிவம் எழுதியவர் தமிழர்தான். ஆனால் எழுதும்போது தன் பெயரை நினைத்துக்கொள்ளவில்லை, தான் பார்த்த அமெரிக்கப் படிவத்தை நினைத்துக்கொண்டார்.

மொழியும் அப்படித்தான். நம் யூனியன் பிரதேசம் நாலு துண்டு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ், மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. ஏனாமில் இருக்கிற பாட்டியம்மா பென்ஷனுக்காக இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அந்தப் பென்ஷனை டியூஷன் பீஸ் என்று சொல்லிவிடலாம்.

பட்டன் விஷயத்துக்கு வருவோம். 1954 நவம்பர் 1-ம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதே 1954-ல் அமெரிக்காவில் பால் ஃபிட்ஸ் என்ற உளவியல்காரர் ஒரு விதியைச் சொன்னார். ஒரு பொருளைக் கையால் தொட ஆகும் நேரம், அது எத்தனை தூரத்தில் இருக்கிறது, எத்தனை பெரிசு என்ற இரண்டையும் பொறுத்தது. கிட்டே இருந்தால், பெரிசாக இருந்தால் சீக்கிரம் தொடலாம். இதற்கு ஒரு விதியா என்று சிரிக்காதீர்கள். எழுபது வருஷத்துக்குப் பிறகும் 'பணம் கட்டு' பட்டனைக் கடுகு சைஸில் வைத்து, ஒட்டினாற்போல 'ரத்து செய்' பட்டனை வைக்கிறார்கள். ஓடுகிற கடலூர் பஸ்ஸில், ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்ற கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஃபிட்ஸ் ஐயா ஞாபகத்துக்கு வருவார்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். ஜேக்கப் நீல்சன் என்பவர் 2000-ல் ஒரு கணக்குச் சொன்னார். ஐந்தே ஐந்து பேரிடம் கொடுத்து, அவர்கள் திணறுவதைப் பார்த்தால் சுமார் 85 சதவிகிதக் கோளாறுகள் தெரிந்துவிடும் என்று. அந்தச் சதவிகிதத்தைப் பற்றி அறிஞர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கட்டும். நாம் ஐந்து பேரைப் பிடிப்போம். ஆபீஸ் வாட்ச்மேன், டீ கொண்டுவருகிற பையன், பக்கத்து வீட்டு அத்தை, ரிட்டயர் ஆன மாமா, காலேஜ் போகிற தங்கை. போனைக் கையில் கொடுத்து, "இதுல கரண்ட் பில் கட்டுங்க பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த வாயை மூடுவதுதான் ரொம்பக் கஷ்டம். "அங்க இல்ல அத்தை, கீழ, கீழ!" என்று கத்தத் தோன்றும். கத்தக்கூடாது. அத்தை தேடுகிற இடத்தில் பட்டன் இல்லை என்றால் பட்டன்தான் தப்பான இடத்தில் இருக்கிறது. அத்தை எப்போதும் சரியான இடத்தில்தான் இருப்பார்.

இதெல்லாம் சௌகரியம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்தால், கடைசியாக ஒன்று சொல்கிறேன். பேங்க் கணக்கு ஆரம்பிக்கவோ சிம் கார்டு வாங்கவோ, ஆள் நிஜம்தான் என்று தெரிந்துகொள்ள கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள். நமக்கு அரை நொடி வேலை. ஆசிட் வீச்சில் முகமும் கண் இமைகளும் சிதைந்தவர்களால் சிமிட்ட முடியாது. சிமிட்டாததால் கம்ப்யூட்டர் அவர்களை உயிருள்ள ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பியது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2025 ஏப்ரல் 30-ம் தேதி தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் சேவைகளை அணுக முடிவது, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தருகிற உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று கோர்ட் சொல்லி, 20 உத்தரவுகள் போட்டது. சிமிட்ட முடியாதவர்களுக்கு வேறு வழி வைக்கச் சொன்னதும் அதில் உண்டு.

அந்தத் திரையை வடிவமைத்தவர் கெட்டவரா? இல்லவே இல்லை. நாலு மணிக்கு டீ குடித்துவிட்டு, தன்னைப் போலவே கண், கை, கால் உள்ள ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எல்லோரும் சிமிட்டுவார்கள் என்று நினைத்திருப்பார். ஜவுளிக்கடை முதலாளி 'அதான் எல்லாருக்கும் தெரியுமே' என்றாரே, அதே வார்த்தைதான். கடையில் சொன்னால் ஒரு வியாபாரம் போகும். இங்கே ஒரு மனுஷியை ஆளே இல்லை என்று சொல்லிவிட்டது.

ஆகவே, படிக்கிற இளைஞர்களில் நாளைக்கு யாராவது ஒரு வெப்சைட்டோ, ஆப்போ, ஆபீஸ் படிவமோ தயார் பண்ணப் போகிறீர்கள் என்றால் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று வரி எழுதுங்கள். யார் வருகிறார்? என்ன அவசரத்தில் வருகிறார்? அவர் கையில், கண்ணில், பையில் என்ன இருக்கிறது? மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால் ஏதாவது ஓர் அலுவலக வாசலில் போய், மனு எழுதுகிற பெரியவர் யாரையாவது கேளுங்கள். பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு சொல்லிவிடுவார்.

முதலாளியின் அப்பா படத்தையும் போடலாம், தப்பில்லை. கீழே போடுங்கள். கடை திறக்கும் நேரத்துக்குக் கீழே.